வேண்டிய இணையத்தளத்தை நாமே தேடிப் பிடிப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை வாசகருக்கு ஒரு வழிகாட்டி

போனில் டேட்டா இருக்கிறது, கூகுளும் இருக்கிறது. ஆனால் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கத் தேடினால் தமிழ்நாட்டு இ-சேவை மையம் வந்து நிற்கிறது. வர்த்தமானியில் வந்த விண்ணப்பப் படிவத்தைத் தேடினால் வேலைவாய்ப்பு விளம்பரத் தளங்கள் வரிசை கட்டுகின்றன. அலுத்துப்போய்ச் சந்தியிலுள்ள கொமியூனிகேசனுக்குப் போனால், அரசாங்கம் சும்மா கொடுக்கிற படிவத்துக்குப் பிரிண்ட் காசு ஒரு பக்கம், “தேடி எடுத்த காசு” இன்னொரு பக்கம். நானும் இப்படி நெடுநாள் அலைந்தவன்தான். புதிதாகப் போன் எடுத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து எல்லா வேலையையும் ஒன்லைனில் செய்யச் சொல்கிறார்களே என்று முழிப்பவர்கள், சாதாரண தரப் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

வட்ஸ்அப்பில் சுற்றுகிற “பயனுள்ள 100 தளங்கள்” வகைப் பட்டியல்களை நம்பி உட்காராதீர்கள். தளங்கள் சாகும், முகவரி மாறும். பட்டியல் மட்டும் அப்படியே வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். தேவை வந்தால் அதற்குரிய தளத்தை எப்படிப் பிடிப்பது, பிடித்ததை எப்படிச் சோதிப்பது என்பது தெரிந்தால் போதும்.

1. முதலில் கையில் இருக்கவேண்டியவை

தேசிய அடையாள அட்டை இலக்கம், உங்கள் பெயரில் எடுத்த சிம், உங்களுடைய மின்னஞ்சல், ஒரு சின்னக் கொப்பி. இவ்வளவும் இல்லாமல் தேடத் தொடங்கினால் பாதி வழியில் நிற்பீர்கள்.

அடையாள அட்டை விடயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். சில படிவங்கள் 12 இலக்கம் இல்லாவிட்டால் “பிழை” என்று திருப்பிவிடும். மாற்றுவது சுலபம்: முன்னால் 19 சேருங்கள், பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களுக்குப் பிறகு ஒரு பூச்சியம் போடுங்கள், கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். 75, அடுத்து 123, அடுத்து 4567 என்று போகிற அட்டை, 1975 123 0 4567 என்று ஆகும்.

மின்னஞ்சலை நீங்களே திறந்துகொள்ளுங்கள். கடைக்காரத் தம்பி அவசரத்துக்குத் தன்னுடைய போன் இலக்கத்தைக் கொடுத்துத் திறந்துவிடுவார்; பிறகு பாஸ்வேட் மறந்தால் அதை மீட்கிற குறியீடு அவருடைய போனுக்குப் போகும். அவர் கடையை மூடிவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

அடுத்தது தமிழ் விசைப்பலகை. கூகுளின் ஜீபோர்ட்டில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். எழுத வராவிட்டால் மைக்கை அழுத்திப் பேசலாம். குரல் தேடலில் “தமிழ் (இலங்கை)” என்று தனியாக ஒரு தெரிவு இருக்கிறது, அதை எடுங்கள். நம்முடைய ஊர்ப் பெயர்களை அது ஓரளவு சரியாகப் பிடிக்கும்.

செலவு என்று பார்த்தால் டேட்டாதான். செய்தி படிக்க அதிகம் போகாது. பாடநூல், வர்த்தமானி போன்ற பீடீஎப் கோப்புகள்தான் டேட்டாவை விழுங்கும். இரவு டேட்டா உள்ள பொதி வைத்திருந்தால் பெரிய கோப்புகளை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. இதைக் கொடுப்பது யார்?

தேடுமுன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். சான்றிதழ் என்றால் கொடுப்பது பதிவாளர் நாயகம் திணைக்களம். பெறுபேறு என்றால் பரீட்சைத் திணைக்களம். அரச வேலை என்றால் வர்த்தமானியை அச்சிடும் அரசாங்க அச்சகத் திணைக்களம். கொடுக்கிறவருடைய தளத்துக்கே நேரே போய்விட்டால், நடுவில் நின்று அதை நகல் எடுத்துப் போடுகிற நூறு தளங்களும் உங்களுக்குத் தேவையில்லை. அந்த நகல் தளங்களில் விண்ணப்ப முடிவுத் திகதி மாறிக் கிடப்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

எந்தத் திணைக்களம் என்றே தெரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் தளத்தைப் பாருங்கள், அல்லது 1919க்கு எடுங்கள். தமிழில் பேசலாம். யார் விண்ணப்பிக்கலாம், என்ன ஆவணம் வேண்டும், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் எடுக்கும் என்று ஒவ்வொரு சேவைக்கும் அந்தத் தளத்தில் தனித்தனியாக எழுதியிருப்பார்கள். கட்டணத்தை மட்டும் அங்கே பார்த்து முடிவு செய்யாதீர்கள். உரிய திணைக்களத்தின் தளத்திலும் ஒருக்கா பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது அடிக்கடி கூடுகிறது.

முகவரியைப் படிக்கப் பழகுங்கள். முகவரியின் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். “கவ் டொட் எல்கே” (gov.lk) என்று முடிந்தால் அது இலங்கை அரச நிறுவனம். தனியாருக்கு அந்த வால் கொடுப்பதில்லை. வெறும் “டொட் எல்கே” யாரும் காசு கொடுத்து வாங்கலாம். “கவ்” என்ற எழுத்துகள் எங்கோ நடுவில் இருந்து, முடிவில் “டொட் கொம்” என்றோ “டொட் இன்போ” என்றோ இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். விதிவிலக்கும் உண்டு: பரீட்சைத் திணைக்களம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஆகியவற்றின் தளங்கள் வெறும் “டொட் எல்கே”யில்தான் முடிகின்றன. சந்தேகமாக இருந்தால் 1919இல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கூகுளில் தேடும்போது மேலே முதலில் வருகிற இரண்டு மூன்றில் “ஸ்பொன்சர்ட்” என்று சின்னதாகப் போட்டிருக்கும். காசு கொடுத்து மேலே ஏறிய விளம்பரம் அது. அதைத் தாண்டிக் கீழே போங்கள்.

3. எந்தச் சொல்லால் தேடுவது

பெரும்பாலானோர் தடுக்கி விழுகிற இடம் இது. தமிழில் தேடினால் இந்தியப் பக்கங்கள்தான் முந்திக்கொண்டு வரும், அவர்கள் தொகை அப்படி. தப்புவதற்கு நம்முடைய அலுவலகங்கள் எழுதுகிற சொல்லையே போடவேண்டும். “பாஸ்போர்ட்” என்று போடாமல் “கடவுச்சீட்டு”, “ஓட்டுநர் உரிமம்” என்று போடாமல் “சாரதி அனுமதிப்பத்திரம்”, “அரசு மருத்துவமனை” என்று போடாமல் “போதனா வைத்தியசாலை”. கூடவே “பிரதேச செயலகம்” அல்லது “கிராம உத்தியோகத்தர்” என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் தமிழ்நாடு அனேகமாக ஒதுங்கிவிடும்.

இன்னும் இறுக்கிப் பிடிக்க ஒரு வழி: “சைட்” என்பதை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் “கவ் டொட் எல்கே”யையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள் (site:gov.lk). பிறகு ஓர் இடைவெளி விட்டுத் தேடவேண்டியதை எழுதுங்கள். அரச தளங்களுக்குள் மட்டும் தேடித் தரும். இந்த ஒரு தந்திரத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று சொல்வேன்.

பழைய ஆவணங்களில் பாமினிப் பிரச்சினை வரும். நம் நாட்டில் நெடுங்காலம் தமிழைப் பாமினி மாதிரியான எழுத்துருவில்தான் தட்டினார்கள். அப்படித் தட்டிய பீடீஎப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கூகுளுக்கோ அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஆகவே நீங்கள் யூனிகோட்டில் (இன்றைய போன்கள் தமிழ் எழுதுகிற முறையில்) தேடுகிற எந்தச் சொல்லும் அதற்குள் அகப்படாது. தமிழில் தேடி ஒன்றும் வரவில்லை என்பதால் ஆவணமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஆங்கிலத்தில் சுற்றறிக்கை இலக்கத்தையோ வருடத்தையோ போட்டுத் தேடி, திறந்த பக்கத்தில் தமிழ்ப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளேயிருந்து ஒரு பகுதியைப் பிரதி எடுத்து ஒட்டும்போது குப்பையாக வந்தால், “பாமினி யூனிகோட் மாற்றி” என்று தேடினால் இலவசமாக மாற்றித் தரும் பக்கங்கள் பல கிடைக்கும்.

இன்னொரு பொறி: அரச தளங்களில் மூன்று மொழிக்கும் பொத்தான் இருக்கும், ஆனால் தமிழ்ப் பக்கத்தில் அறிவித்தல் பிந்தித்தான் ஏறும். சில இடங்களில் ஏறுவதே இல்லை. இதைப் பற்றி யாரிடம் முறையிட்டு என்ன? முடிவுத் திகதி உள்ள எந்த விடயமானாலும் ஆங்கிலப் பக்கத்தையும் திறந்து, கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு, திகதியை ஒத்துப் பாருங்கள்.

4. அடிக்கடி போகவேண்டி வரும் வாசல்கள்

பிள்ளைகளின் படிப்பு. பாடநூல் தொலைந்தால் கடை கடையாக அலையவேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் மொழி, தரம், பாடம் தெரிவு செய்தால் நூல் இலவசமாக இறங்கும். அத்தியாயம் அத்தியாயமாக எடுத்தால் டேட்டா மிச்சம். பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் இருக்கின்றன. எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை, எதை எவ்வளவு ஆழமாகப் படிப்பிக்கவேண்டும் என்று அதில் இருக்கும். டியூசன் காசு கொடுக்கிற பெற்றோர் ஒருக்கா படித்துப் பார்க்கலாம். பெறுபேறு வருகிற இரவில் பரீட்சைத் திணைக்களத் தளம் திணறும். திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்காமல் விடியற்காலையில் பாருங்கள், அதற்குள் பெறுபேறு எங்கும் ஓடிவிடாது. அவர்களுடைய தொலைபேசி 1911.

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தளம். கையேடு தமிழிலும் உண்டு. வெட்டுப்புள்ளி அட்டவணையில் மாவட்டத்தைச் சரியாகப் பாருங்கள். கல்முனை, காரைதீவு, திருக்கோவில் எல்லாம் அம்பாறை மாவட்டம். மட்டக்களப்பு வரிசையைப் பார்த்துவிட்டு “கிடைத்துவிடும்” என்றிருந்த வீடுகளும் உண்டு, “கிடைக்காது” என்று அழுத வீடுகளும் உண்டு.

சான்றிதழும் பத்திரமும். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கமும் பதிந்த திகதியும் தெரிந்தால் கட்டணம் குறைவு. தெரியாமல் அவர்களைத் தேடச் சொன்னால் கூடும். ஆகவே வீட்டிலுள்ள பழைய பிரதி எவ்வளவு கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள், அதிலுள்ள இலக்கம்தான் காசு. கணினியில் ஏற்றிய பதிவு என்றால் கிட்டவுள்ள பிரதேச செயலகத்திலேயே பிரதி கிடைக்கும். களுவாஞ்சிகுடியில் பிறந்தவர் அக்கரைப்பற்றில் இருந்துகொண்டே எடுக்கலாம். கடவுச்சீட்டுக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத் தளம். படம் எடுக்கப் போகுமுன், அங்கீகரித்த ஸ்டூடியோக்களின் பட்டியலை அதே தளத்தில் மாவட்டவாரியாகப் பாருங்கள்; வேறு ஸ்டூடியோவில் எடுத்தால் அந்தக் காசு வீண்.

அரச வேலை தேடுகிறவர்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வர்த்தமானியைத் திறக்கவேண்டும். முதலாம் பகுதியில் இரண்டு-அ என்ற தொகுதியில்தான் பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் வரும்; மற்றப் பகுதிகளை இறக்கி டேட்டாவை வீணாக்கவேண்டாம். அதிவிசேட வர்த்தமானி எந்த நாளிலும் வரலாம்.

மழையும் ஆறும். கார்த்திகை, மார்கழியில் நம் பக்கத்துக்கு இதைவிட முக்கியமான தளம் வேறில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறல் தமிழில் வரும், அதிகாலை 5.30க்கு ஒன்று வெளியிடுவார்கள். கடலுக்குப் போகிறவர்கள் கீழே உள்ள கடற்பிராந்திய எதிர்வுகூறலைத் தவறாமல் படியுங்கள். திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கரைப்பெயர் சொல்லிக் காற்றின் வேகத்தைப் போட்டிருப்பார்கள். காற்றையும் அலையையும் படமாகப் பார்க்க “வின்டி” நல்ல தளம். ஆனால் அது கணினி போட்ட கணக்கு. சிவப்பு எச்சரிக்கை போட்டிருக்கும்போது “வின்டியில் நீலமாகத்தான் இருக்கு” என்று தோணியை இறக்காதீர்கள்.

வெள்ளத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தளத்தில் ஆற்று நீர்மட்ட அறிக்கையைப் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் வாசிக்கக் கடினமில்லை. ஆற்றின் பெயர், அளவு நிலையம், எச்சரிக்கை மட்டம், சிறுவெள்ள மட்டம், பெருவெள்ள மட்டம், இப்போதைய மட்டம், கூடுகிறதா குறைகிறதா என்று ஒரே அட்டவணை. நம் ஊர்ப் பெயரை அதில் தேடாதீர்கள். மேலே எங்கே மழை பெய்து நமக்குத் தண்ணீர் வருகிறது என்று பார்க்கவேண்டும். மாதுறு ஓயாவுக்குப் பதியத்தலாவை, ஹெட ஓயாவுக்குச் சியம்பலாண்டுவ, மகாவலிக்கு மனம்பிட்டி. பொத்துவில் பக்கத்தார் சியம்பலாண்டுவ வரிசையில் “கூடுகிறது” என்று கண்டால் வானம் வெளித்திருந்தாலும் சாமானைக் கட்டத் தொடங்கலாம். அவசரத்துக்கு 117.

வயலும் மீனும். விவசாயத் திணைக்களத் தளத்தில் தமிழ்ப் பகுதி இருக்கிறது, ஆலோசனைக்கு 1920. நெல் நோய்களைப் பற்றித் தமிழில் தேடினால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தளம் முன்னால் வரும். படங்கள் அருமை. தண்டு துளைப்பான், கபிலத் தத்தி, எரிபந்தம் எது என்று அடையாளம் காண நானே அதைத்தான் பார்க்கிறேன். அங்கே பெயர் மட்டும் வேறாக இருக்கும்: குருத்துப்பூச்சி, புகையான், குலைநோய். ஆனால் மருந்தையும் அளவையும் அங்கிருந்து எடுக்காதீர்கள். அவர்கள் விதைக்கிற நெல்லினம் வேறு, நம்முடைய பி.ஜி. 94-1, ஏ.டி. 362 வேறு; அங்கே விற்கிற மருந்து இங்கே தடையாக இருக்கலாம். நோயை அங்கே பார்த்து, மருந்தை இங்கே கேளுங்கள்.

விலைக்கு மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கை, ஹெக்டர் கொப்பேகடுவ ஆராய்ச்சி நிறுவகத்தின் விலைத் தகவல். தம்புள்ளை மரக்கறி, மரந்தகஹமுல அரிசி, பேலியகொடை மீன் விலைகள் இருக்கும். வாழைச்சேனையில் மீன் எடுத்துக் கொழும்புக்கு ஏற்றுகிறவர்கள் வியாபாரியின் வாய் விலையை மட்டும் நம்பவேண்டிய காலம் போய்விட்டது.

வெளிநாட்டு வேலையும் காசும். முகவர் எவ்வளவு சொந்தக்காரராக இருந்தாலும், கடவுச்சீட்டைக் கையில் கொடுக்குமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தளத்தில் அவருடைய நிறுவனத்தின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். நிறுவனத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது. அந்த நாட்டுக்கு, அந்த வேலைக்கு ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் 1989க்கு எடுத்துக் கேளுங்கள். வட்டி கூட்டித் தருகிறோம், ஆள் சேர்த்தால் காசு என்று வருகிறவர்களுக்கு மத்திய வங்கித் தளம். அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலும், தடைசெய்த பிரமிட் திட்டங்களின் பெயர்களும் அங்கே உண்டு.

உடம்பு. சுகாதார மேம்பாட்டுப் பணியகத்தில் தமிழ்க் கைநூல்கள் இருக்கின்றன. டெங்கு நிலவரம் தொற்றுநோயியல் பிரிவின் தளத்தில் மாவட்டவாரியாக வரும். நோய்க்குறியைக் கூகுளில் போட்டு வைத்தியம் தேடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம். மனம் பாரமாக இருந்தால் 1926இல் பேச ஆள் இருக்கிறது.

பயணத்துக்குப் புகையிரதத் திணைக்களத்தின் ஆசனப் பதிவுத் தளம். பதிவு ஆசனத்துக்கு மட்டும்தான் அது. சாதாரண மூன்றாம் வகுப்புக்கு நிலையத்தில்தான் எடுக்கவேண்டும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் தண்டவாளம் இல்லாததால் ஏறும் இடமாக மட்டக்களப்பைத் தெரிவு செய்யுங்கள். வங்கி அட்டை தேவை.

வாசிப்பு. நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. இலங்கைத் தமிழ் நூல்கள், பழைய பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், பள்ளிவாசல் வெளியீடுகள் எல்லாவற்றையும் பதிவு செய்யாமலே இலவசமாக வாசிக்கலாம். தேடற்பெட்டியில் உங்கள் பாடசாலையின் பெயரைப் போட்டுப் பாருங்கள். உம்மாவோ அப்பாவோ சின்ன வயதில் எழுதிய கவிதை ஒன்று ஏதாவது மலரில் கிடந்தாலும் கிடக்கும். பழந்தமிழ் இலக்கியத்துக்கு 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம், அகராதிக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம்.

5. கிடைத்ததைச் சோதிப்பது

திகதியைப் பாருங்கள். திகதியே இல்லாத அறிவித்தலை நம்பி எங்கும் பஸ் ஏறாதீர்கள். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் நல்ல தளம் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் பார்க்க முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள். கள்ளனும் பூட்டுப் போடலாம்.

பக்கம் திறக்கவில்லை, நீக்கிவிட்டார்கள் என்றால் இணைய ஆவணகத்தின் “வேபேக் மெஷின்” பக்கத்தில் பழைய முகவரியை ஒட்டிப் பாருங்கள். முன்பு எடுத்து வைத்த பிரதி கிடைக்கலாம். நீக்கப்பட்ட பழைய சுற்றறிக்கைகளுக்கு இது பெரிய உதவி.

6. காசு கட்டுமுன்

படிவம், பாடநூல், வர்த்தமானி, பெறுபேறு ஆகியவை இலவசம். இவற்றுக்கு வங்கி அட்டை இலக்கம் கேட்கிற எந்தத் தளமும் பொய். போனுக்கு வருகிற ஓடீபீ இலக்கத்தை யாருக்கும் வாயால் சொல்லவேண்டாம், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றாலும்தான். ஒன்லைனில் கட்ட வேண்டியிருந்தால், பெரிய தொகை இல்லாத ஒரு கணக்கின் அட்டையைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. கட்டியதும் பற்றுச்சீட்டை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். மின்னஞ்சலுக்கு வரும் என்று காத்திருக்கவேண்டாம். ஏமாற்று லிங்க், கணக்குத் திருட்டு என்றால் இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவின் இலக்கம் 101. வங்கிக்கு முதலில் எடுத்து அட்டையை நிறுத்திவிட்டு அங்கே எடுங்கள்.

7. எழுதி வைப்பதும், தளம் கைவிட்டால் செய்வதும்

பயன்பட்ட தளத்தைப் போனின் முகப்புத் திரையில் சேர்த்துவிடுங்கள்; குரோமில் மூன்று புள்ளியை அழுத்தினால் அந்தத் தெரிவு இருக்கும். கொப்பியிலும் எழுதுங்கள்: தளத்தின் பெயர், எதற்கு, கொடுத்த மின்னஞ்சல், கடைசியாகப் பார்த்த திகதி. பாஸ்வேட்டை முழுதாக எழுதாமல் உங்களுக்கு மட்டும் விளங்கும் குறிப்பாக எழுதினால் போதும்.

தேடியும் இல்லை, போன் எடுத்தாலும் பதில் இல்லை என்றால், அந்த அலுவலகத்துக்கே தகவல் கேட்டு எழுதலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான். பிரதேச செயலகம், பிரதேச சபை, வலயக் கல்வி அலுவலகம் என்று எந்த அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. பிரதி எடுக்கிற செலவை மட்டும் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராமல், பெற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்கி, அதையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.